வருத்தாத வருத்தம்

ஒக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். பிரசர் மேலே 126, கீழே 80. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் தடவை: 124, 80. இனிக் குளிசையைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

மகன், நீ பக்கத்து அறையில் உன் மூத்தம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்கிறாய். உனக்கு ஐந்து வயது. ஆனால் இதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுதவில்லை. நீ கலியாணம் முடித்து, நம்ம ஊர் வழக்கப்படி உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோகிற நாளில் உன் கையில் தருவதற்கு எழுதுகிறேன். எனக்கு இப்போது முப்பத்து நான்கு. "புத்தி சொல்லுற வயசா இது?" என்று உன் உம்மா சிரிக்கிறாள். தாடி நரைக்கும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, அது ஒன்று. மற்றது, நேற்றுப் பின்னேரம்தான் என் சிறுநீரக ஸ்கேனும் கண் பரிசோதனையும் கைக்கு வந்தன. இரண்டிலும் பழுது இல்லை. அல்ஹம்துலில்லாஹ். நாலு மாதமாக எங்கோ முறுக்கி இறுக்கியிருந்த ஒரு நட்டு கழன்று விழுந்தது மாதிரி இருக்கிறது. அந்த இளக்கம் போவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நம்ம பக்கத்தில் நோய்க்கு வருத்தம் என்றுதான் சொல்லுவோம். "ஆளுக்கு வருத்தமாம்" என்றால் ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அர்த்தம். அந்தச் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. வருத்தினால்தான் வருத்தம். வருத்தாவிட்டால் நோயே இல்லை என்று நாக்கே நம்மை நம்ப வைத்துவிடுகிறது. பிரசர் அப்படி இல்லை. அது வருத்தாது. பத்து வருடம் உடம்புக்குள் இருந்து இரத்தக் குழாயையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் மூளையையும் அரித்துக்கொண்டே இருக்கும், நீ பந்து விளையாடிக்கொண்டு இருப்பாய். தலையிடி வந்தால் பிரசர், வராவிட்டால் பிரசர் இல்லை என்பதெல்லாம் கடைத்தெருக் கதை. அளந்தால்தான் தெரியும். வேறு வழி கிடையாது.

இந்தச் சொல்லால்தான் என் வாப்பா போனார். நீ அவரைக் கண்டதில்லை. நற்பிட்டிமுனையில் வேளாண்மை செய்தவர். காலில் ஏதோ வெட்டி ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் பிரசரும் கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்துக் குளிசை கொடுத்தார்கள். ஒரு கிழமை போட்டார். பிறகு, "எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வருத்தமில்லாதவனுக்கு எதுக்குடா மருந்து?" என்று அலுமாரிக்கு மேலே வைத்தார். ஐம்பத்தொரு வயதில், வயலில் வேளாண்மை வெட்டு நடக்கும்போது, வரம்பில் குந்தியவர் எழும்பவில்லை. பாரிசவாதம். வலப் பக்கம் முழுதும் விழுந்தது, வாய் கோணியது. இரண்டு வருடம் கழித்து என் கலியாணத்துக்கு அவரைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள். நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று முற்றத்தில் இருந்து என்னவோ சொன்னார். மூன்று தடவை சொன்னார். குனிந்து காதைக் கொடுத்தேன், விளங்கவில்லை. "ஓம் வாப்பா, ஓம்" என்று தலையாட்டினேன். அடுத்த வருடம் மௌத்தாகிவிட்டார். எதற்கு ஓம் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இதெல்லாம் தெரிந்த மகன் தானாகப் போய் அளந்திருப்பான் என்று நினைப்பாய். இல்லை. போன ஜூன் மாதம் பள்ளிவாசலில் இரத்த தானம் நடந்தது. எனக்கு அன்று மருதமுனையில் இரண்டு ஏசி பூட்டும் வேலை. அவசரமாக வந்து கையை நீட்டினேன். தாதி பட்டியைச் சுற்றினார், பார்த்தார், கழற்றினார், கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி மறுபடி சுற்றினார்.

"தம்பி, உங்கட ரத்தம் இண்டைக்கு எடுக்க ஏலா. பிரசர் கூட. நூற்றி அறுபத்தெட்டுக்கு நூற்றி நாலு."

"உங்கட மெஷின் பிழை. கடைசியா எப்ப சரிபார்த்த?"

அவர் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். "காலையில இருந்து இதாலதான் எல்லாருக்கும் பாக்கன். உங்களுக்கு மட்டும் பிழையாக் காட்ட இதுக்கு உங்களோட என்ன கோவம்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அளவுமானிகளோடு பிழைக்கிறவன், மகன். குளிரூட்டி, ஐஸ் ஆலை, மீன் அறை எல்லாவற்றுக்கும் சிவப்பும் நீலமுமாக இரண்டு மீட்டரை மாட்டித்தான் நோய் பார்ப்பேன். மேல் அமுக்கம் ஒன்று, கீழ் அமுக்கம் ஒன்று. மனிதனுக்கும் அதே இரண்டு எண்தான். இருதயம் அமுக்கித் தள்ளும்போது மேலது, இளகி நிரம்பும்போது கீழது. மீட்டர் காட்டுவது பிடிக்காவிட்டால் மீட்டரைக் குறை சொல்லுகிற முதலாளிமாரோடு தினமும் சண்டை பிடிக்கிறவன், அன்று நானே அதைச் செய்தேன். கடைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி வந்தேன், தாதியின் மெஷின் பிழை என்று நிறுவுவதற்காக.

வீட்டில் கண்ணில் பட்ட எல்லோருக்கும் பார்த்தேன். உன் உம்மா 112. அடுத்த வீட்டு மச்சான் 120. நான் 170. பற்றரியை மாற்றினேன். கையை மாற்றினேன். 166. மாமி மட்டும், அதாவது உன் உம்மாவைப் பெற்ற உன் மூத்தம்மா, கை நீட்டவில்லை. மருமகனுக்கு முன்னால் வந்து உட்காருவதே அவவுக்கு வெட்கம். ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எங்களுக்குள் பேச்சு என்பது உன் உம்மா வழியாகத்தான். "அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு" என்று திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வரும். நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன், உன் உம்மா அதை மறுபடி கேட்பாள், நான் அவளிடம் பதில் சொல்லுவேன். பழைய ஆட்கள் அப்படித்தான். அவவுக்கு வயது ஐம்பத்தைந்துதான், ஆனால் இந்த விசயத்தில் நூறு.

கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர். என்னைவிட இளையவராக இருக்க வேண்டும். "வருத்தம் ஏதும் இருக்கா?" என்றார். நான், "ஒண்டும் இல்ல டொக்டர்" என்றேன். சொல்லி முடிக்க முன்னமே எனக்கே கேட்டது. என் வாயில் வாப்பாவின் வசனம். வீட்டு மெஷினால் ஒரு கிழமை காலையும் மாலையும் பார்த்து போனில் குறித்து வரச் சொன்னார். ஒரு நாள் கூடியதை வைத்து முடிவெடுக்க மாட்டார்களாம். அளக்கிற முறையையும் சொல்லித் தந்தார். நான் அதுவரை ஏணியால் இறங்கிய கையோடு, பிளேன்டீ குடித்துக்கொண்டு, சட்டைக் கைக்கு மேலே பட்டியைச் சுற்றி, உன் உம்மாவோடு வாதாடிக்கொண்டே அளந்திருந்தேன். அப்படிச் செய்யாதே. தேத்தண்ணி, சிகரட் எல்லாம் அரை மணித்தியாலம் முன்னமே முடிந்திருக்க வேண்டும். சிகரட்டை ஒரேயடியாக விட்டால் இன்னும் நல்லது. மூத்திரத்தை அடக்கிக்கொண்டு அளக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் வாய் பேசாமல் இரு. வெறும் கையில், கைக்கு அளவான பட்டியை, இருதயத்தின் உயரத்தில் வைத்துப் பார். இரண்டு தடவை பார். நான் முறையாகப் பார்த்தபோது 154, 98 என்று நின்றது. குறைந்ததுதான், ஆனால் இறங்கவில்லை. வீட்டில் 135க்கு 85 என்ற கோட்டுக்கு மேலே தொடர்ந்து நின்றால் அது பிரசர்தான்.

"வீட்டில ஆருக்கும் இருந்ததா?" என்று கேட்டார். வாப்பாவைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டார்.

"அவருக்கு ஐம்பத்தொண்டில விழுந்தது. உங்களுக்கு முப்பத்திநாலில பிடிச்சிட்டம். நான் நல்ல செய்தி சொல்றன், நீங்க மய்யித்து வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி முகத்த வச்சிருக்கீங்க."

முப்பத்து நான்கு இதற்குக் கொஞ்சம் இளவயது என்பதால், சிறுநீரகத்தில் ஏதும் கோளாறு இருந்து அதனால் ஏறியதா, அல்லது ஏறியதால் சிறுநீரகம் கெட்டதா என்று பார்க்க வேண்டும் என்றார். முதல் மூத்திரப் பரிசோதனையில் கொஞ்சம் புரதம் போயிருந்தது. காய்ச்சல், கடின வேலை, எதனாலும் சில வேளை அப்படி வருமாம், திரும்பப் பார்ப்போம் என்றார். நான்கு மாதமாக என்னைத் தின்றது அந்தக் "கொஞ்சம்"தான். உன் கலியாணத்துக்கு நான் காலால் நடந்து வருவேனா, கதிரையில் வருவேனா என்பதுதான் கேள்வி. யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பு நோவுக்கு நானாகப் பாமசியில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த நோக் குளிசைகளைப் பற்றியும் கேட்டார். அவற்றில் பல பிரசரை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் கேடு. ஏணியோடு வேலை செய்கிறவன் எவனும் அதைத்தான் மிட்டாய் மாதிரித் தின்கிறான். அன்றோடு விட்டேன்.

குளிசை தொடங்கி மூன்றாவது கிழமை 128 காட்டியது. பழுது தீர்ந்தது என்று குளிசையை நிறுத்தினேன். பழுது பார்த்த பிறகு ஸ்பானரை நட்டிலேயே விட்டுவிட்டு வருவதில்லையே. பத்து நாளில் 150. டொக்டர் கத்தவில்லை. "உங்கட ஐஸ் பெக்டரியில கண்டென்சருக்கு விசிறி ஓடுதுதானே? அமுக்கம் சரியா நிக்கிது எண்டு விசிறிய நிப்பாட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விளங்குகிற பாசையில் ஒருவர் சொல்லிவிட்டால் நான் இரண்டாம் தரம் கேட்க மாட்டேன். குளிசை பழுதைத் திருத்துவதில்லை. அது ஓடும் வரைதான் அமுக்கம் நிற்கும். பிறகு கணுக்கால் கொஞ்சம் வீங்கியது. அப்போதும் நானாக நிறுத்தவில்லை, போய்ச் சொன்னேன், வேறு குளிசை எழுதினார். சொன்னால் மாற்றுவார்கள். சொல்லாமல் நிறுத்துகிறவனுக்குத்தான் வரம்பில் குந்த நேரும்.

கடற்கரை ஐஸ் ஆலை முதலாளி ஒருவரிடம் கம்ப்ரசரின் மேல் அமுக்கம் கூடி நிற்கிறது என்று மூன்று மாதம் சொன்னேன். "நல்லாத்தானே ஐஸ் உறையுது, நீ பில் எழுதப் பாக்கிற" என்றார். வலையில் மீன் குவிந்து பட ஆரம்பித்த கிழமையில் அது ஒரே சத்தத்தோடு இறுகி நின்றது. கடைசி நாள் வரை ஐஸ் நல்லாத்தான் உறைந்தது.

இனி உப்பு. உனக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், ஏனென்றால் நீயும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகப் போகிறாய். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் உப்புச் சேரலாம் என்றார் டொக்டர். நான் சோற்றில் உப்புத் தூவுகிறவன் இல்லை. ஆனால் தேடத் தொடங்கினால், காலையில் பாணில் உப்பு, மாசிச் சம்பலில் உப்பு, பகல் சோற்றுக்கு ஊற்றுகிற ஆணத்தில் உப்பு, பொரித்த கருவாட்டில் உப்பு, ஊறுகாயில் உப்பு. மருமகனுக்கென்று தனியாக மூடி வைத்த பீங்கானில் எல்லாமே இரண்டு மடங்கு. திருப்பி அனுப்ப முடியாது. மிச்சம் வைத்தால் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து, "ஏன், புடிக்கல்லியாமா?" என்று குரல் வரும்.

உன் உம்மா பக்குவமாகச் சொல்லுகிறேன் என்றாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் பகல், வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில், நேரே திரைச்சீலையைப் பார்த்துச் சொன்னேன்: "ஆணத்தில உப்புக் கூட. இனி எனக்கு இப்பிடிப் போட வேணாம்."

ஆறு வருடத்தில் நான் மாமியிடம் நேராகக் கதைத்த முதல் வசனம் அதுதான். நம்ம ஊரில் மாப்பிள்ளை ஆணத்தில் குறை சொன்னால் அது ஆணத்தைப் பற்றிய கதை இல்லை, பெண்ணைப் பற்றிய கதை. பின்னேரம் மாமியின் மூத்த சகோதரர், பெரிய மாமா, வந்துவிட்டார். "மருமகன், வீட்டில என்ன குறை? மனம் விட்டுச் சொல்லுங்க" என்றார். "குறை ஒண்டுமில்ல, சோடியம்" என்றேன். அவர் உன் உம்மாவைப் பார்த்து, "அது ஆரு புள்ள?" என்று மெல்லக் கேட்டார்.

மாமி அடுத்த நாள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. உன் உம்மா என் முன்னால் வந்து நின்றாள். "கம்ப்ரசரோட கதைக்கிற மாதிரி மனிசரோட கதைக்க ஏலா. நீங்களே போய் உம்மாட்டச் சொல்லுங்க, என்னத்துக்கு எண்டு. நான் இனி நடுவில நிக்க மாட்டன்."

போனேன். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, வாப்பாவின் குளிசை முதல் மூத்திரப் பரிசோதனை வரை எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை ஒரு துணியிடம் சொன்னேன். பிறகு அவ கதைத்தா, உன் உம்மா வழியாக இல்லாமல், எனக்கே.

"கலியாணத்தண்டு உங்கட வாப்பா கதிரையில இருந்து என்னப் பாத்தும் என்னமோ சொன்னார், மகன். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. என்ட புள்ளயப் பாத்துக்கங்க, வயிறு நிறையக் குடுங்க எண்டு சொல்றாராக்கும் எண்டு நினைச்சன். அந்த மனிசனுக்கு ஓம் எண்டு சொல்லிட்டனே எண்டுதான் இவ்வளவு நாளும் இப்பிடி ஆக்கிப் போட்டன்."

ஒரே மனிதரின் விளங்காத ஒரே வார்த்தைக்கு இரண்டு பேர் ஓம் சொல்லியிருக்கிறோம். அவ பாட்டுக்கு அதைக் காப்பாற்றியிருக்கிறா, கருவாட்டாலும் ஊறுகாயாலும்.

பிறகு திரைச்சீலைக்குக் கீழால் ஒரு கை நீண்டு வந்தது. "அந்த மெஷினை இதிலயும் போட்டுப் பாருங்க. எனக்கும் உப்புத்தான் புடிக்கும்." அப்படி அளக்கக் கூடாது, முதுகு சாய்த்துக் கதிரையில் இருக்க வேண்டும், கை மேசையில் இருக்க வேண்டும் என்றேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து என் முன்னால் உட்கார்ந்தா. ஐந்து நிமிடம் இருவரும் வாய் திறக்காமல் இருந்தோம். அதில் எங்களுக்கு நல்ல பழக்கம். 174க்கு 98. மறுபடியும் 172.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லியே, மருமகன்" என்றா.

அந்த வசனத்தை மூன்றாம் வாயில் கேட்கிறேன். இந்தத் தடவை நேரத்தோடு கேட்டேன். அடுத்த கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக என் சட்டையைப் பிடிக்காமல் பின் கரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தா. இப்போது அவவுக்கும் குளிசை. நேற்று 134க்கு 82. வீட்டில் கருவாடு கிழமைக்கு ஒரு நாள், அதுவும் கொஞ்சம். ஆணத்தில் உப்புக் குறைத்து தேசிக்காய், மிளகு, உள்ளி கூட்டியாகிறது. முதல் இரண்டு கிழமை சப்பென்று இருந்தது. "உங்கட பிரசருக்குப் பயந்து மீனுக்கும் வருத்தம் வந்திட்டு" என்று மாமி பகிடி பண்ணினா. ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிட்டது. இப்போது வெளியில் ஒரு விருந்தில் சஹன் தட்டில் புரியாணி தின்றால் கடல் தண்ணி குடித்த மாதிரி இருக்கிறது. நான் பின்னேரம் கடற்கரையால் அரை மணித்தியாலம் நடக்கிறேன், ஆறு கிலோ இறங்கியிருக்கிறேன். மூத்திரத்தில் புரதம் இரண்டாம் தடவையும் இல்லை, மூன்றாம் தடவையும் இல்லை. நேற்று ஸ்கேனும் கண்ணும் சரி. டொக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனியாவது முகத்த மாத்துங்க" என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று மாமிக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். உன் உம்மா நேற்று இரவெல்லாம் அதைச் சொல்லிக் காட்டினாள்.

உன் உடம்பில் இரண்டு பக்கமும் இது ஓடுகிறது, மகன். என் பக்கம் ஒன்று, உன் மூத்தம்மா பக்கம் ஒன்று. பயப்படச் சொல்லவில்லை. பயம் எதையும் அளக்காது. பதினெட்டு வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது கையை நீட்டு, ஒரு வருத்தமும் இல்லாத நாளில் நீட்டு. என்றைக்காவது 180க்கு 120 தாண்டிக் காட்டி, நெஞ்சு நோ, மூச்சு முட்டல், தாங்க முடியாத தலையிடி, கண் மங்கல் என்று இருந்தால் கதைத்துக்கொண்டு இருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. முகம் கோணினால், கை விழுந்தால், கதை குழறினால் மீட்டரைத் தேடவே வேண்டாம். உடனே போ.

நீ எழும்பிவிட்டாய் போல இருக்கிறது, மூத்தம்மாவிடம் பாண் கேட்கிற சத்தம் வருகிறது. முடிக்கிறேன். நான் இனிச் செய்யப் போவது:

1. நாளை காலையும் இதே கதிரையில், இதே நேரம் அளப்பேன். எண் நல்லா இருந்தாலும் குளிசை போடுவேன். நல்லா இருப்பதே அதனால்தான்.

2. நோன்புக்கு முன்னமே டொக்டரிடம் போய், குளிசையை விடியமுன் சஹருக்குப் போடுவதா நோன்பு திறந்து போடுவதா என்று எனக்கும் மாமிக்கும் கேட்டு வருவேன். நானாக முடிவெடுக்க மாட்டேன்.

3. என் மெஷினை அந்தத் தாதியிடம் கொண்டுபோய் அவரது மெஷினோடு ஒத்துப் பார்ப்பேன். அப்படியே மன்னிப்பும் கேட்பேன்.

4. பெரிய மாமாவைப் பிடித்து இருத்தி அளப்பேன். சோடியம் ஆரென்று அறிமுகப்படுத்துவேன்.

5. நீ பெண் வீட்டுக்குக் குடிபோகிற அன்று, இந்தக் கடிதத்தை உன் கையில் தந்துவிட்டு, உன் மாமியாரின் திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்று, "என்ட மகனுக்கு உப்புக் குறைச்சிப் போடுங்க" என்று சொல்லுவேன். சபை சிரிக்கட்டும். என் காலில் நின்று, ஒரு தடவைதான் சொல்லுவேன். எல்லோருக்கும் விளங்கும், இன்ஷா அல்லாஹ்.